அருவிக்கரையில் சோகம் தேடிய கழகம்

தமுக்கு அடித்தவன்மேல் எந்தக் குற்றமும் கிடையாது. எழுதிக் கொடுத்ததைத்தான் அவன் கத்தினான். எழுதிக் கொடுத்தவர் சீமைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவர். வினையெல்லாம் அங்கேதான் இருந்தது.

"தென்காசி மகாஜனங்களே! பெண்டாட்டியைவிடக் கூடவே திரிகிற ஆண் சேக்காளிமேல் அதிகப் பிரியம் வைத்திருக்கும் ஆண்களின் மனக்கஷ்டத்தை ஆராய்வதற்காகக் குற்றாலத்தில் ஒரு கழகம் வந்து இறங்கியிருக்கிறது! அப்பேர்ப்பட்டவர்கள் ஜோடி ஜோடியாக வந்து பெயர் கொடுக்கலாம்! சாரல் சீசன் முடிகிற மட்டும் தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு, எண்ணெய்க் குளியல், சகலமும் இலவசம்! விஷயம் பரம ரகசியமாக வைக்கப்படும்! டும் டும்!"

இது நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு, ஆடி மாதம். அருவிகளில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. தென்காசி ஆண்கள் தமுக்கின் முற்பகுதியை அவ்வளவாகக் கவனிக்கவில்லை. எண்ணெய்க் குளியல், இலவசம் என்ற இரண்டு சொற்கள் போதுமானவையாக இருந்தன. பொழுது சாய்வதற்குள் கல்யாணமான ஆம்பளைகளெல்லாம் சேக்காளி பிடிக்க அலைந்தார்கள். மண்டிக்கடைப் பரமசிவன் செட்டியாருக்கும் பக்கத்து வீட்டு இசக்கிக்கும் பொதுச்சுவர் விஷயமாகக் கோர்ட்டில் கேஸ் நடந்துகொண்டிருந்தது. ஜோடிக்கு வேறு ஆள் அகப்படாததால் அவர்கள் இரண்டு பேரும் அன்று சாயங்காலமே ராசியாகி, தோள்மேல் கை போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்கள்.

ஊரிலேயே அந்தத் தமுக்கின் முற்பகுதியைக் காதில் வாங்கியவர்கள் குற்றாலிங்கமும் துல்கர்னைனும் மட்டும்தான்.

குற்றாலிங்கத்துக்கு ரத வீதியில் வாடகை சைக்கிள் கடை. அதே கடையின் மறுபாதியில் துல்கர்னைனுடைய தையல் மெஷின். பின்கட்டில் இரண்டு பேருக்கும் ஒரே குடித்தனம். மீசை கறுப்பாக இருந்த காலத்தில் சேர்ந்தவர்கள், இப்போது இருவருக்குமே காதோரம் நரை. ஊர் அவர்களைத் தனித்தனி ஆளாக நினைத்ததே இல்லை. கல்யாண வீட்டுக்காரர்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பத்திரிகைதான் வைப்பார்கள். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்டது கிடையாது. கேட்காமல் விடுவதும் எங்கள் பக்கத்தில் ஒரு மரியாதைதான்.

இப்போது ஒரு இடி விழுந்திருந்தது. வீரகேரளம்புதூரில் வாக்கப்பட்டிருந்த அக்கா வடிவம்மாள், தம்பிக்கு வயது போகிறதே என்று திடீரென்று விழித்துக்கொண்டு, பெண் பார்த்து, ஆவணியில் முகூர்த்தமும் குறித்துவிட்டாள். தாயில்லாத தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள். அவளிடம் வேண்டாம் என்று சொல்லக் குற்றாலிங்கத்துக்கு வாய் வரவில்லை. துல்கர்னைனோ "கட்டிக்கிடும்வே, நல்ல காரியம்தான" என்று சொல்லிவிட்டு, கல்யாணச் சட்டையைத் தானே தைக்க உட்கார்ந்தான். தென்காசியில் அவன் கைக்கு ஈடு கிடையாது. ஆனால் தைத்த சட்டை ஒவ்வொன்றிலும் கழுத்து சின்னதாகப் போய், குற்றாலிங்கத்தின் தலை நுழையவே இல்லை.

தமுக்குச் சத்தம் தேய்ந்ததும் துல்கர்னைன் மெஷினை நிறுத்தினான்.

"என்னவே, தமுக்குக்காரன் நம்மளையா கூப்பிடுதான்?"

"கேக்கதுக்கு அப்படித்தான் இருக்கு."

"அதுக்கு ஊருக்கே கேக்கும்படியாவே கூப்பிடணும்? போவாண்டாம். சும்மா இரும்."

குற்றாலிங்கம் ஒரு டியூபைத் தண்ணீரில் முக்கி, குமிழி வருகிறதா என்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, "எங்க அக்காவுக்கு டாக்டர்மாருன்னா தெய்வம்வே" என்றான். "டாக்டரு சொன்னாருன்னு புளிக்கொழம்பையே விட்டவ அவ. இந்த டாக்டரு ஒரு வார்த்தை, 'இவனுக்குக் கல்யாணம் ஒத்துக்கிடாது தாயி'ன்னு சொன்னா, அக்கா கேட்டுக்கிடுவா."

துல்கர்னைன் எழுந்து போய் இரண்டு பேருடைய வேட்டி துண்டையும் ஒரே பைக்குள் திணித்தான்.

குற்றாலத்தில் கழகம் ஒரு பெரிய லாட்ஜையே வளைத்துப் போட்டிருந்தது. வாசலில் துணிப் பதாகை: 'அகில பாரத இல்லற மனோதத்துவக் கழகம்'. சாரலில் மை கரைந்து, 'இல்லற' மட்டும் பாதி ஒழுகிவிட்டிருந்தது. உள்ளே கால் வைக்க இடமில்லை. தென்காசி முழுவதும் அங்கேதான் இருந்தது. பள்ளிக்கூட வாத்தியார்கள், ஜவுளிக்கடை முதலாளிகள், ஒரு போலீஸ்காரர், அவர் போன வாரம் பிடித்துக்கொடுத்த சீட்டாட்டக்காரர், எல்லோரும் ஜோடியாகக் கைகோர்த்து வரிசையில் நின்றார்கள்.

கழகத்தின் இயக்குநர் டாக்டர் கணபதிசுப்பிரமணியன் மேடையேறினார். அந்த ஈரத்திலும் கோட்டும் டையும் அணிந்திருந்தார். கூட்டத்தைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"மகாஜனங்களே! அன்பில் சிறுபான்மையோரே! உங்களைப் பற்றி மேல்நாட்டில் வெளியான அத்தனை நூல்களையும் நான் வாசித்திருக்கிறேன். உங்களில் ஒருவரைக்கூட இதுநாள் வரை நேரில் கண்டதில்லை. ஆகவே என் அபிப்பிராயத்தில் பாரபட்சம் புக வழியே இல்லை. நீங்கள் ஆழ்ந்த துக்கத்தில் இருக்கிறீர்கள் என்பது முடிவு. அதை ஆராய்ந்து கண்டுபிடிப்பதுதான் பாக்கி. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். கழகத்துக்கு நிதி வந்திருப்பது துக்கத்துக்காக. சந்தோஷத்துக்கு இந்த வருஷம் ஒதுக்கீடு கிடையாது."

தென்காசிக்காரர்கள் கூரை அதிரக் கைதட்டினார்கள்.

பிறகு தேர்வு. டாக்டர் ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் உதவி ஆராய்ச்சியாளர் பிருஹதாம்பாள், பேனாவும் கையுமாக. துக்கம் உள்ளவர்களுக்கு அறை, இல்லாதவர்களுக்குத் திரும்பும் பஸ். இது தெரிந்ததுமே வரிசையில் நின்றவர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுப் பழக ஆரம்பித்தார்கள்.

மண்டிக்கடைப் பரமசிவன் செட்டியார் பொய்யாகத்தான் அழத் தொடங்கினார். "எங்க வீட்டுல என்னைய ஒருத்தரும் சாப்பிட்டியான்னு கேட்டதில்லய்யா" என்று ஆரம்பித்தவருக்கு, அது உண்மைதான் என்பது பாதியில் உறைத்துவிட்டது. அப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. இசக்கியின் தோளில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். "அழாதீரும் செட்டியாரே, அந்தச் சுவரை வேணும்னா நீரே வச்சுக்கிடும்" என்று இசக்கியும் அழுதான்.

"முதல் தரம்!" என்றார் டாக்டர். "அருவியைப் பார்த்த அறை கொடுங்கள்."

அடுத்து நம் ஆட்கள்.

"உங்கள் துக்கத்தைச் சொல்லுங்கள்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குற்றாலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இவரு ரசத்துல உப்பை அள்ளிப் போட்டுருதாரு சார்" என்றான்.

"யாரு, நானா? ருசி பாக்கேன்னு ரெண்டாந்தரம் போடுதது யாருவே?" என்று பாய்ந்தான் துல்கர்னைன்.

"இரவில் உறக்கம் வராமல் தவிப்பதுண்டா?"

"இவரு விடுத குறட்டைக்கு யாரு சார் உறங்குவா?" என்று அவனே தொடர்ந்தான்.

"அப்படியானால் தனியாகப் படுத்தால் உறக்கம் வரும்?"

துல்கர்னைன் யோசித்தான். "அது வராது சார். இவரு ஒருதரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாரு. குறட்டைச் சத்தம் இல்லாம ராப்பூரா முழிச்சே கெடந்தேன்."

"உலகம் உங்களை வெறுப்பதாக உணர்கிறீர்களா?"

"ஒட்டுன பஞ்சர் பாதி வழியில விட்டுப்போனா வெறுக்கத்தான் செய்யுதாக."

டாக்டர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். முகத்தில் ஏமாற்றம் அப்பட்டமாகத் தெரிந்தது. வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்குமோ என்று குற்றாலிங்கத்துக்குப் பதறியது. "ஒரே ஒரு துக்கம் இருக்கு சார்" என்றான் அவசரமாக. "எங்க அக்கா எனக்குப் பொண்ணு பாத்துட்டா. ஆவணியில கல்யாணம்."

"கல்யாணமா? அது சுபகாரியம் ஐயா! சுபகாரியம் எழுத இந்தத் தாளில் கட்டமே கிடையாது. நீங்கள் இரண்டு பேரும் சிறுபான்மையே அல்ல. பிருஹதாம்பாள், இவர்களைத் தள்ளிவிடுங்கள்."

பிருஹதாம்பாள் மெதுவாகக் குறுக்கிட்டாள். "சார், ஒப்பிட்டுப் பார்க்கச் சாதாரணத் தம்பதி ஒன்றாவது வேண்டுமே? ஊரிலுள்ள புருஷன்மார் எல்லோரையும் நாம் நோயாளிகளாகச் சேர்த்துவிட்டோம். இல்லறத்தார் என்று ஒருவரும் மிச்சமில்லை."

டாக்டர் குற்றாலிங்கத்தையும் துல்கர்னைனையும் ஏற இறங்கப் பார்த்தார். "உப்புக்குச் சண்டை, குறட்டைக்குச் சண்டை... சரி, இவர்களையே போடுங்கள். அசல் தம்பதி."

இப்படியாக, தமுக்கு யாரைத் தேடி அடிக்கப்பட்டதோ அவர்கள் மட்டும் சாதாரணப் புருஷன் பெண்டாட்டிகளுக்குப் பிரதிநிதியாக, மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறையில் தங்கவைக்கப்பட்டார்கள்.

கழகம் அதன்பின் போட்ட ஆட்டத்தைச் சொல்லி மாளாது. விடிந்ததும் நோயாளிகளுக்கு எண்ணெய் தேய்ப்பார்கள். தேய்ப்பதற்கு முன் ஒருமுறை துக்கத்தை அளப்பார்கள். பெரிய அருவியில் நிறுத்திவிட்டு, பின்னும் ஒருமுறை அளப்பார்கள். பைத்தியம் தெளிய அந்த அருவியில் ஆளைப் பிடித்து நிறுத்துவது தொன்றுதொட்ட பழக்கம் என்பதால் சுற்றியிருந்தவர்களுக்கும் இதில் ஆச்சரியம் ஒன்றும் தோன்றவில்லை. தோன்றியது டாக்டருக்குத்தான். அருவியிலிருந்து வெளியே வந்தவர்களிடம் பொட்டுத் துக்கம்கூட இல்லை. பாட்டுப் பாடினார்கள், ஒருவர் முதுகை ஒருவர் துடைத்துவிட்டார்கள், இட்லிக்கு இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டார்கள். டாக்டர் பயந்துபோய், "நாளை எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்" என்று அறிவித்துப் பார்த்தார். துக்கம் அந்த நொடியே திரும்பி வந்தது. சிலர் தரையில் விழுந்து அழுதார்கள். டாக்டர் அறிவிப்பை வாபஸ் வாங்கிக்கொண்டு, "நோய் முற்றியிருக்கிறது" என்று எழுதினார்.

பிருஹதாம்பாளுக்கும் டைப்பிஸ்ட் சாவித்ரிக்கும் ஒரே அறை, ஒரே குடை. ஒருத்தி வாய் வைத்த காபியில் மிச்சத்தை மற்றவள் குடிப்பாள். துல்கர்னைன் இதையெல்லாம் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டான்.

"ஏம்மா, பொம்பளையாளுகளுக்கு இந்த ஆராய்ச்சி கிடையாதா?"

"பெண்களுக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது என்று போன வருஷம் கழகத்தில் தீர்மானம் நிறைவேறிவிட்டது" என்றாள் பிருஹதாம்பாள்.

"யாரும்மா எழுதுனது?"

"நான்தான் எழுதினேன். சாவித்ரிதான் டைப் அடித்தாள்."

சாவித்ரி அவள் கையிலிருந்த மிச்சக் காபியை வாங்கிக் குடித்தாள்.

குற்றாலிங்கத்துக்குக் கல்யாண நாள் நெருங்கிக்கொண்டே வந்தது. ஒருநாள் டாக்டரை மடக்கி, கையைக் கூப்பிக்கொண்டு கேட்டேவிட்டான். "சார், எங்க அக்காகிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லணும். எனக்குக் கல்யாணம் சரிப்படாதுன்னு. இவரை விட்டுட்டு என்னால இருக்க முடியாது சார்."

டாக்டரின் கண்ணில் ஒரு பளிச். "முடியாது என்பதை எப்படி அறிவீர்? பிரிந்து பார்த்திருக்கிறீரா? சாதாரணத் தம்பதியைப் பிரித்தால் அவர்களுக்கு என்ன நேரும் என்று உலகில் எவனும் அளந்ததில்லை! ஒத்துழையும். பரிசோதனை முடிந்ததும் உம் அக்காவிடம் என்ன வேண்டுமானாலும் சொல்கிறேன்."

அந்த ஒரு வார்த்தைக்காக இரண்டு பேரும் சம்மதித்தார்கள். துல்கர்னைனை ஐந்தருவிப் பக்கம் ஒரு சத்திரத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். போகிறபோது அவன் திரும்பிப் பார்க்காமல், "தலைய நல்லாத் துவட்டும்வே, சளி பிடிச்சிரும்" என்று மட்டும் சொன்னான்.

விஷயம் சமையல்கட்டுக்குப் போனதும் அங்கே இருந்தவர்கள் அதை இயல்பாக எடுத்துக்கொண்டார்கள். ஆடி மாதம் தம்பதியைப் பிரித்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதானே! கல்யாணமான முதல் ஆடியில் ஜோடியைப் பிரித்து வைத்து ஆவணியில் சேர்க்கிற தலையாடி போலிருக்கிறது என்று முடிவு செய்தார்கள். வழக்கம் மாறக் கூடாது என்று தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், புது வேட்டி எல்லாம் வைத்து ஐந்தருவிக்குச் சீர் அனுப்பினார்கள். அங்கிருந்து துல்கர்னைன் பதிலுக்கு முறுக்கு அனுப்பினான். டாக்டர் அந்த முறுக்கை வாங்கி எடை போட்டு வைத்துக்கொண்டார்.

முதல் நாள் குற்றாலிங்கம் சமாளித்தான். அடுத்தடுத்த நாட்களில் அவனை அறியாமலே வடையில் பாதியைப் பிய்த்துத் தனியே வைக்க ஆரம்பித்தான். பேச்சை ஆரம்பித்துவிட்டுப் பக்கத்தில் ஆள் இல்லாததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். கல்யாணம் நடந்துவிட்டால் ஆயுசு முழுக்க இப்படித்தானே என்று நினைத்தபோது, சாரலில் நின்றுகொண்டு வாய்விட்டு அழுதான். கல்யாணம் பண்ணி வருகிற பெண்ணும் இந்த முகத்தைப் பார்த்துக்கொண்டுதானே இருக்க வேண்டும் என்று அவளுக்காகவும் சேர்த்து அழுதான்.

டாக்டர் வேளைக்கு வேளை வந்து பார்த்தார். "இன்று எப்படி?"

"கஞ்சிகூட எறங்கல சார்."

"பேஷ், பேஷ்!" டாக்டர் பிருஹதாம்பாளின் பக்கம் திரும்பிக் குதித்தார். "கிடைத்துவிட்டது! கலப்படமில்லாத துக்கம்! நிறைவு விழாவுக்கு ஏற்பாடு செய்யுங்கள். இவருடைய உறவினரையும் வரவழையுங்கள், பொதுமக்கள் முன்னிலையில் விசாரிக்க வேண்டும்."

விழாவன்று அழைக்காமல் வந்தவர்களே அதிகம். தென்காசிப் பெண்கள் இரண்டு பஸ் பிடித்து வந்து இறங்கினார்கள். தங்கள் புருஷன்மாருக்கு வந்திருக்கும் சீக்கு என்னவென்று அவர்களுக்கும் தமுக்கு மூலமாகத் தெரிந்துதான் இருந்தது. பரமசிவன் செட்டியாரின் மனைவி அவரை அருவியிலிருந்து எண்ணெய்த் தலையோடு இழுத்து வந்தாள். "சாப்பிட்டியான்னு கேக்கலையாம்லா? நான் கேக்கதுக்கு நீரு என்னைக்குவே வீட்டுல இருந்தீரு?" செட்டியார் தலையில் வழிந்த எண்ணெயைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

இந்த அமளிக்கு நடுவே வீரகேரளம்புதூரிலிருந்து வடிவம்மாளும் வந்து சேர்ந்தாள். டாக்டர் கூப்பிட்டார் என்றால் அவளுக்கு அப்பீல் கிடையாது. மேடையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். எதிரே, காட்சிப் பொருளாகக் குற்றாலிங்கம்.

"சபையோரே!" என்று டாக்டர் முழங்கினார். "நோயாளிகளிடம் நாங்கள் தேடிய துக்கம் கடைசிவரை நிலைக்கவில்லை. ஆனால் மனம் தளரவில்லை. ஆரோக்கியமாக இருந்த ஒருவரிடம் அதை எங்கள் சொந்த முயற்சியால் உண்டாக்கியிருக்கிறோம்! அம்மா, நீங்கள் சொல்லுங்கள். இவர் முன்பு எப்படி இருந்தார்?"

வடிவம்மாள் தம்பியைப் பார்த்தாள். கன்னம் ஒட்டிப்போய், கண் உள்ளே போய், தலை துவட்டாமல் மூக்கு ஒழுக நின்றான்.

"சிரிச்சுக்கிட்டே இருப்பான் சாமி" என்றாள். "சின்னதுல அப்படிக் கெடையாது, எந்நேரமும் உம்முன்னுதான் இருப்பான். தென்காசிக்குப் போய்க் கடை வச்ச பொறவுதான் சிரிக்கவே படிச்சான்."

"உணவு?"

"நல்லாச் சாப்பிடுவான். துல்கர்னைன் பொங்கிப் போடுவான்லா. உப்பு கூடன்னு வைஞ்சுக்கிட்டே மூணு தடவ வாங்கிச் சாப்பிடுவான்."

"நோயுற்றால் யாரிடம் சொல்வார்?"

"எங்கிட்டச் சொல்ல மாட்டான். துல்கர்னைன்தான் ஆள் விடுவான். எனக்குக் காய்ச்சல் வந்தப்பவும் ரெண்டு பேரும்தான் வந்து..." வடிவம்மாள் சட்டென்று பேச்சை நிறுத்தினாள். கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். "ஏலே குற்றாலம், அவன் எங்கலே?"

"ஐந்தருவியில, யக்கா" என்றான் குற்றாலிங்கம்.

"பிரித்து வைத்திருக்கிறோம், அம்மா" என்று டாக்டர் பூரிப்போடு விளக்கினார். "பத்து நாளில் இந்த அளவுக்கு இறங்கியிருக்கிறார். இன்னும் ஒரு மாதம் பிரித்து வைத்தால் முடிவு சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்துவிடும்."

வடிவம்மாள் முந்தானையை எடுத்துத் தம்பியின் தலையைத் துவட்டினாள்.

"பத்து நாளைக்கே இந்தக் கோலம். நான் ஆயுசுக்கும்லாலே பிரிக்கப் பாத்தேன்" என்றாள். "வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லதுக்கு என்னலே? நான் என்ன பேயா, பிசாசா?"

"நீ மனசு சங்கடப்படுவியேன்னுதான், யக்கா."

"போலே, கூறுகெட்டவனே."

அப்புறம் அவள் டாக்டரை நோக்கித் திரும்பினாள். முழு மரியாதையோடுதான் பேசினாள். "ஆடியில இவங்களப் பிரிச்சது நீங்கதான சாமி?"

"கழகம்தான் அம்மா."

"அப்பம் ஆவணியில சேத்து வைக்கது எங்க பொறுப்பு. அதுதான் எங்க வழக்கம். முகூர்த்தம் குறிச்சாச்சு, சமையக்காரனுக்கும் சொல்லியாச்சு. பொண்ணு வீட்டுல நான் போய்க் கால்ல விழுந்து சொல்லிக்கிடுதேன். அந்தப் புள்ளையாவது சிரிக்கவன் ஒருத்தனப் பாத்துக் கட்டிக்கிடட்டும்."

சொல்லிவிட்டுத் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினாள். டாக்டர், "அம்மா, அளவு இன்னும் முடியவில்லை!" என்று பின்னாலேயே ஓடினார். சாரல் பலத்தது. பிருஹதாம்பாளும் சாவித்ரியும் தங்கள் ஒரே குடையை வடிவம்மாளிடம் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டு நின்றார்கள். ஐந்தருவிக்குப் போகிற பாதையில் குற்றாலிங்கம் முதலில் நடந்தான், அப்புறம் அக்காவின் கையை விட்டுவிட்டு ஓடினான்.

கழகத்தின் அறிக்கை மறு வருஷம் அச்சாகி வந்தது. தென்காசி வட்டாரத்தில் கல்யாணமான ஆண்கள் அனைவரும் அன்பில் சிறுபான்மையோரே என்றும், அவர்களுடைய துக்கத்துக்கு அருவிக் குளியல் கைகண்ட மருந்து என்றும் அதில் கண்டிருந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு சிறு குறிப்பு: 'ஒப்பீட்டுக்காகச் சேர்க்கப்பட்ட தம்பதி பற்றிய ஆய்வைப் பூர்த்தி செய்ய இயலவில்லை. முன் அனுமதி பெறாமல் உறவினர் ஒருவர் அவர்களை ஒன்று சேர்த்துவிட்டார்.'